ஒட்டுறதுக்கு முன்னாடி...

உங்க ஹாஸ்டல் ரூம்லயோ வீட்லயோ உடைஞ்ச பிளாஸ்டிக் சாமான் ஒண்ணாவது கண்டிப்பா இருக்கும். லேப்டாப் மூலை, டேபிள் ஃபேன் கால், பைக் சைடு பேனல்னு ஏதாவது ஒண்ணு. 'ஞாயித்துக்கிழமை ஒட்டிக்கலாம்'னு ஓரமா வெச்சிருப்பீங்க. ஒட்டுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா டியூபைப் பிதுக்குறதுக்கு முன்னாடி என் கதையைக் கொஞ்சம் கேட்டுடுங்க. நானும் இப்படித்தான் ஒரு ஞாயித்துக்கிழமை ஒட்டினேன். அது ஒட்டல. கடைசியில உடைஞ்சது எங்க அப்பாவோட மணிக்கட்டு.

எங்க வீடு மதுரை செல்லூர்ல. அப்பாவுக்கு இட்லி மாவு பிசினஸ். பிசினஸ்னா பெருசா நினைச்சுக்காதீங்க... வீட்டுக்குள்ள ரெண்டு கிரைண்டர், வாசல்ல ஒரு பழைய ஸ்கூட்டர். அவ்வளவுதான். விடியக்காலை அஞ்சரைக்கு ஸ்கூட்டர்ல மாவு பாக்கெட்டை அடுக்கிட்டுக் கிளம்பினா, செல்லூர், கோரிப்பாளையம், தல்லாகுளம்னு கடை கடையாப் போட்டுட்டு எட்டரைக்கு வீடு திரும்புவார். அப்புறம் வண்டி எனக்கு. நான் அதுல காலேஜ் போவேன். ஒரே வண்டி, ரெண்டு ஷிஃப்ட்!

2022-ல், நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி செகண்ட் இயர். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஃப்ரெண்டு பர்த்டேக்குப் போயிட்டு வரும்போது, ஒரு திருப்பத்துல மணல்ல சறுக்கிட்டேன். எனக்கு முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். வண்டிக்குத்தான் அடி. சைடு பேனல்ல ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். முன்சக்கரத்து மட்கார்டுல நாலு விரல் அகலத்துக்கு ஒரு கீறல்.

அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லல. 'அந்த வண்டிதாண்டா நமக்குச் சோறு'ன்னு தினமும் சொல்ற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? கடைக்குப் போய் ரெண்டு டியூப் பசை வாங்கினேன். ஒண்ணுல ரெசின், இன்னொண்ணுல ஹார்ட்னர். அதுலயும் அஞ்சு நிமிஷத்துல இறுகுற டைப். பழைய பனியனால பேனலை ஒரு தட்டு தட்டினேன். பசையைக் கலக்கினேன். விரிசல் மேல நல்லாத் தடிமனா அப்பினேன். மேலே ஒரு கோட்டிங் கறுப்பு பெயின்ட். தூரத்துல நின்னு பார்த்தா ஒண்ணுமே தெரியல. 'நம்மகிட்ட இவ்ளோ திறமையா'ன்னு எனக்கே கொஞ்சம் பெருமை!

செவ்வாய்க்கிழமை காலேஜ் ஸ்டாண்டுல வண்டியை நிறுத்தும்போது பக்கத்துல இருந்தவன் சொன்னான்... "மாப்ளே, உன் வண்டிக்குத் தோல் உரியுது பாரு!"

சைடு பேனல்ல போட்ட பசை, ஒரே பட்டையா உரிஞ்சு தொங்கிட்டிருந்தது. இழுத்தேன். முழுசாக் கையில வந்துருச்சு. அதோட அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தது. பசை உடையல. பிளாஸ்டிக்கும் உடையல. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கவே இல்ல. கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு அப்பவே சுதாரிப்பு வந்திருக்கணும். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? 'பசை பத்தல'ன்னு தோணுச்சு. சாயங்காலம் இன்னொரு டியூப் வாங்கி, இன்னும் தடிமனா அப்பினேன். மட்கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த மட்கார்டு விட்டுப்போச்சு. பாதி பிஞ்சு கீழ மடங்க, டயர் அதை உள்ள இழுத்துருச்சு. அப்பா மெதுவாத்தான் போயிருக்கார். ஆனாலும் வண்டி சாய, கையை ஊன்றி விழுந்துட்டார். வலது கை மணிக்கட்டுல எலும்பு முறிவு. நான் ஓடிப் போனப்போ ரோட்டோரமா உட்கார்ந்திருந்தார். நாற்பது பாக்கெட் மாவும் ரோட்டுல. யாரோ ஒரு அக்கா அதுமேல மண்ணை அள்ளிப் போட்டுட்டிருந்தாங்க, பின்னாடி வர்ற வண்டி வழுக்கிடக் கூடாதுன்னு.

ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டாங்க. மாவு விக்கிறவருக்கு மாவுக்கட்டு! அப்பாவே இதைச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் அம்மாகிட்ட மெதுவாச் சொன்னார்: "வண்டி பழசாயிருச்சு. நான்தான் சரியாப் பார்க்காம எடுத்துட்டேன்."

நான் கட்டில் கால்மாட்டுலதான் நின்னுட்டிருந்தேன். வாயைத் திறக்கல.

ஆறு வாரம் கட்டு. அதுவரைக்கும் டெலிவரி என் தலையில. அதுக்கு வண்டி ஓடணுமே? பைக் பேனலுக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கிற ஒரு அண்ணன் கடைக்கு ரெண்டு உடைசலையும் தூக்கிட்டுப் போனேன். அவர் ரெண்டையும் திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்தார். நான் போட்ட பசையை நகத்தால நெம்பினார். பொறுக்கு மாதிரி வந்துருச்சு.

"தம்பி, இது ஒட்டியிருந்தாத்தான் அதிசயம்" அப்படின்னார்.

"நல்ல பசைதாண்ணே வாங்கினேன்..."

"பசை நல்ல பசைதான். நீ எது மேல ஒட்டின?"

இந்தக் கேள்விக்குத்தான் பாஸ் இந்தக் கட்டுரையே. நான் எது மேல ஒட்டினேன்? அப்பா வாராவாரம் வண்டியைப் பளபளன்னு வெச்சிருக்கப் போடுற சிலிக்கான் பாலிஷ் மேல. அதுக்கு மேல படிஞ்ச ரோட்டுப் புழுதி மேல. மாவுக் கை பட்ட பிசுக்கு மேல. அடியில இருந்த பழைய பெயின்ட் மேல. பிளாஸ்டிக் மேல நான் ஒட்டவே இல்ல! பசை அது தொட்டதைத்தான் பிடிக்கும். தூசியைத் தொட்டா தூசியைப் பிடிக்கும். தூசி போற அன்னைக்குப் பசையும் கூடவே போயிரும்.

இதைவிட நல்லாப் புரிய நம்ம வீட்டுத் தோசைக்கல்லையே பாருங்க. தோசை ஒட்டாம வர அம்மா என்ன பண்றாங்க? கல்லை வழவழன்னு பழக்கி வைக்கிறாங்க. எண்ணெய் தடவுறாங்க. இல்லையா? பிளாஸ்டிக்ல பசை ஒட்டணும்னா இதை அப்படியே தலைகீழாச் செய்யணும். எண்ணெயை எடுக்கணும், வழவழப்பைக் கெடுக்கணும். மாவு வித்துப் பொழைக்கிற வீட்டுல பொறந்தும் இது எனக்கு விளங்கலையே!

அடுத்து அண்ணன் காட்டினதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. சைடு பேனலோட உள்பக்கம் அம்புக்குறி ரெண்டுக்கு நடுவுல 'ஏபிஎஸ்'னு எழுதியிருந்தது. மட்கார்டுல 'பிபி'. பார்க்க ரெண்டும் ஒரே கறுப்பு பிளாஸ்டிக்தான். ஆனா ஜாதகமே வேற. ஏபிஎஸ் பசையோட சேரும். பிபின்னா பாலிபுரொப்பிலீன். என்னதான் தேய்ச்சாலும் கழுவினாலும் சாதாரண எப்பாக்ஸி ரெசின் அதுல பிடிக்காது. நம்ம தண்ணி பாட்டில், பக்கெட், டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், பார்த்திருப்பீங்க. 1988-ல் அமெரிக்காவுல ஆரம்பிச்ச குறியீடு அது. 5-னா பாலிபுரொப்பிலீன். 2-ம் 4-ம் பாலிஎத்திலீன் வகை. இந்த மூணும் பசைக்கு எதிரி. 7-னா 'மத்தவை'. ஏபிஎஸ் அதுல வரும்.

ஏன் இப்படி? இங்கதான் எனக்கு வெட்கமாப் போச்சு. முந்தின செமஸ்டர்லதான் பரப்பு இழுவிசை, தொடுகோணம் எல்லாம் எழுதி மார்க் வாங்கியிருந்தேன். ஒரு திரவம் ஒரு பரப்பு மேல பரவி நனைக்கணும்னா அந்தப் பரப்போட ஆற்றல் போதுமான அளவு இருக்கணும். பாலிபுரொப்பிலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். ஏபிஎஸ்ஸுக்குச் சுமார் 40. வித்தியாசம் வெறும் பத்துதான். ஆனா எப்பாக்ஸி மாதிரி பசைக்கு அந்தப் பத்து ரொம்பப் பெருசு. ஏபிஎஸ் மேல பசை பரவி, கீறல்களுக்குள்ள எல்லாம் இறங்கும். பிபி மேல தாமரை இலைத் தண்ணி மாதிரி ஒதுங்கி நிக்கும். எக்ஸாம் பேப்பர்ல படம் போட்டு அம்புக்குறி வெச்சு எழுதினவன், வாசல்ல நின்ன வண்டியில அதைப் பார்க்கல.

எழுத்து எதுவும் இல்லாத பிளாஸ்டிக்குக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. உள்பக்கம் ஓரத்துல ஒரு துணுக்கு சீவி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணியில போடுங்க. மிதந்தா பிபி, பாலிஎத்திலீன் வகை. மூழ்கினா ஏபிஎஸ்ஸா இருக்கலாம். 'இருக்கலாம்'தான். சில பிபி பாகங்கள்ல டால்க் பவுடர் கலந்திருப்பாங்க, அது மூழ்கி நம்மளை ஏமாத்தும். அதனால முதல்ல எழுத்தைத் தேடுங்க.

"மட்கார்டைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கி மாட்டு. சக்கரம், பிரேக் பக்கத்துல இருக்கிற எதையும் ஒட்டி ஓட்டக்கூடாது" அப்படின்னு அண்ணன் கறாராச் சொல்லிட்டார். ஹெல்மெட்டும் அப்படித்தான். விரிசல் விட்ட ஹெல்மெட் வெறும் பிளாஸ்டிக் தொப்பி. எவ்வளவு நல்லா ஒட்டினாலும் அடி தாங்காது. சைடு பேனலை மட்டும், "நீயே செய், நான் பக்கத்துல நிக்கிறேன்"னார்.

செஞ்சேன். ரெண்டு நாள் ஆச்சு. அதுல பசை தடவின நேரம் மொத்தமே பத்து நிமிஷம். மீதி எல்லாம் அதுக்கு முந்தின வேலை. வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கங்க.

முதல் வேலை குளியல். ஸ்க்ரூவை எல்லாம் கழட்டி, பேனலைத் தனியா எடுத்து, பாத்திரம் கழுவுற சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத் பிரஷ் வெச்சு ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவினேன். நிழல்ல ராத்திரி முழுக்கக் காய விட்டேன். விரிசலுக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கும். மேலே காஞ்சிருந்தா மட்டும் பத்தாது.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. மெடிக்கல் ஷாப்லயும் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில நனைச்சு, ஒரே திசையில துடைச்சேன். அது காயறதுக்குள்ள இன்னொரு காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். இல்லேன்னா கரைஞ்ச பிசுக்கு அங்கேயே திரும்பப் படிஞ்சிரும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேணாம், எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கூடவே கூடாது. ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் ஏபிஎஸ்ஸையே கரைச்சிரும். ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு, தீப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது.

இதுக்கு அப்புறம்தான் உப்புத்தாள். இந்த வரிசை ரொம்ப முக்கியம். எடுத்த எடுப்புல தேய்ச்சா, பாலிஷையும் எண்ணெயையும் நாமளே கீறலுக்குள்ள தள்ளி அடைச்சு வெச்ச மாதிரி ஆயிரும். விரிசலைச் சுத்தி ரெண்டு மூணு செ.மீ. அகலத்துக்குப் பெயின்டை முழுசா எடுத்துட்டு, 80-ம் நம்பர் தாளால குறுக்கும் நெடுக்குமாத் தேய்ச்சு, 120-ல முடிச்சேன். பளபளப்பு ஒரு இடத்துலகூட மிச்சம் இருக்கக் கூடாது. மூக்குல மாஸ்க் கட்டாயம்.

விரிசலோட முனையில சின்னதா ஒரு ஓட்டை போடச் சொன்னார், ரெண்டு மி.மீ. எனக்குப் புரியல. 'உடைஞ்சதுல இன்னும் ஓட்டையா?' ஆனா விஷயம் இருக்கு. விரிசலோட கூரான முனையிலதான் அழுத்தம் எல்லாம் போய்ச் சேரும். அதை வட்டமாக்கிட்டா அழுத்தம் பிரிஞ்சு போயிரும், விரிசல் அதைத் தாண்டி ஓடாது. அப்புறம் உள்பக்கத்துல விரிசல் நெடுக, பாதி ஆழத்துக்கு 'வி' மாதிரி ஒரு வாய்க்கால் எடுத்தேன். பசை உட்காரத் தோதான இடம்.

அதுக்கப்புறம் ஒரு தடவை தண்ணி தெளிச்சுப் பார்த்தோம். முத்து முத்தாப் பிரிஞ்சு ஓடினா இன்னும் பிசுக்கு இருக்குன்னு அர்த்தம். பரவலா நனைச்சு நின்னாச் சரி. ஒரு மூலையில முத்து முத்தா ஓடுச்சு. திரும்பவும் சோப்பு, ஆல்கஹால், உப்புத்தாள்! நல்லாக் காயவெச்சு, தூசி போக ஆல்கஹாலால கடைசியா ஒரு துடைப்பு. பத்து நிமிஷம் ஆறவிட்டோம். நான் ஆசையா விரலால தடவிப் பார்க்கப் போனேன். அண்ணன் கையில ஒண்ணு போட்டார். "உன் விரல்லயும் எண்ணெய் இருக்குடா!"

கடைசியாத்தான் பசை. இந்தத் தடவை 24 மணி நேரத்துல இறுகுற டைப். கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டேன், ஹார்ட்னர் பட்டாச் சிலருக்குத் தோல் அலர்ஜி ஆகும். ரெசினும் ஹார்ட்னரும் டியூப்ல சொன்ன அளவுக்குச் சரிசமமா. 'சீக்கிரம் இறுகட்டும்'னு ஹார்ட்னரைக் கூட்டினா வேகமா இறுகாது, கலக்காத மிச்சம் உள்ள தங்கி வலுதான் குறையும். ரெண்டு நிமிஷம் கலக்கி, முதல்ல மெல்லிசா ஒரு பூச்சு. கீறல்களுக்குள்ள அழுத்தித் தேய்ச்சு விட்டேன். அதுமேல கண்ணாடி இழைத் துணியில ஒரு பட்டை, அதுமேல இன்னொரு பூச்சு. துணி காயப்போடுற கிளிப்பை மாட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாம விட்டாச்சு.

மறுநாள் ரெண்டு கையாலயும் வளைச்சுப் பார்த்தேன். அசையல.

சாயங்காலம் பேனலை மாட்டிட்டிருக்கும்போது அப்பா வாசலுக்கு வந்தார். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இடது கையால பேனலைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா ஒட்டியிருக்கியேடா!"

அந்தப் பாராட்டை என்னால வாங்கிக்க முடியல. ஏதோ ஒண்ணு தொண்டையில நின்னுச்சு.

"முன்னாடி ஒட்டினதும் நான்தாம்ப்பா."

அவருக்கு முதல்ல விளங்கல. எல்லாத்தையும் சொன்னேன். மணல்ல சறுக்கினது, பசை வாங்கினது, பெயின்ட் அடிச்சு மறைச்சது.

"மட்கார்டையுமா?"

"ஆமாப்பா."

திட்டுவார்னு நினைச்சேன். திட்டியிருந்தாத் தேவலை. கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துட்டிருந்தவர், ரொம்பச் சாதாரணமாச் சொன்னார்: "ஒட்டியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கழட்டி வெச்சுட்டுப் போயிருப்பேன்ல."

அவ்வளவுதான். உள்ள போயிட்டார். விழுந்தது தன் கவனக்குறைவுனு நாலு நாளா அந்த மனுஷன் தன்னைத்தானே குறை சொல்லிட்டிருந்தார். அந்த நாலு நாளும் நான் அவரை அப்படியே நினைக்க விட்டிருக்கேன். வண்டியை உடைச்சதைவிட, ஒட்டத் தெரியாம ஒட்டினதைவிட, இதுதான் இன்னைக்கும் உறுத்துது.

ரெண்டு நாள் அதிகமாப் பேசல. மூணாம் நாள் காலைல நான் பாக்கெட் போட்டுட்டிருக்கும்போது, "மாவுல உப்பு சரியா இருக்கா பாருடா"ன்னார். சமாதானம் ஆயிட்டார்னு புரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஆறு வாரமும் அஞ்சரை மணிக்கு நான்தான் வண்டி எடுத்தேன். இப்ப வேலைக்குப் போறேன். அப்பா கை சரியாகி, பழையபடி மாவு போடுறார். அந்தப் பேனல் இன்னும் அப்படியேதான் இருக்கு. வீட்டுல எந்த பிளாஸ்டிக் உடைஞ்சாலும் முதல்ல என்கிட்டதான் வரும். போன மாசம் அம்மா ஒரு விரிஞ்ச பக்கெட்டைக் கொண்டுவந்தாங்க. அப்பா அதை வாங்கித் தலைகீழாக் கவுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "நம்பர் ரெண்டு. இது ஒட்டாது, தூரப் போடு"ன்னார். எனக்கு அங்க வேலையே இல்ல!

சரி ஃப்ரெண்ட்ஸ், இந்த ஞாயித்துக்கிழமை அந்த உடைஞ்ச சாமானை எடுங்க. திருப்பி எழுத்தைப் பாருங்க. கழுவுங்க, துடைங்க, தேய்ங்க, திரும்பத் துடைங்க. ஒட்ட அவசரப்படாதீங்க. இன்னொரு விஷயம்... வீட்டு வண்டியில நீங்க ஏற்கெனவே எதையாவது ஒட்டி, பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தா, அதை நாளைக்குக் காலைல ஓட்டப்போறவர்கிட்ட இன்னைக்கு ராத்திரியே சொல்லிடுங்க.